கமராவைக் கையில் எடுக்குமுன்

1939ஆம் ஆண்டு மட்டக்களப்பு அமிர்தகழியிலே பிறந்த சிறுவன் ஒருவன், பள்ளிச் சுற்றுலா சென்றவிடத்தில் ஒரு படப்பிடிப்பைக் கண்டான். ஆங்கிலத் திரைப்பட நெறியாளர் டேவிட் லீன், 1957இல் வெளிவந்த ‘குவாய் நதிப் பாலம்’ என்னும் படத்துக்காக இலங்கைக்கு வந்திருந்த காலம் அது. நெறியாளர் ‘மழை’ என்று குரல் கொடுத்தார், மழை பெய்தது. அச்சிறுவனே பின்னாளில் ஒளிப்பதிவாளராகவும் நெறியாளராகவும் புகழெய்திய பாலு மகேந்திரா. அன்று உண்டான வியப்பே தம்மைத் திரைக்கலையின்பால் ஈர்த்தது என்று அவர் பிற்காலத்தில் கூறியிருக்கின்றார்.

சிறுவனின் கண்ணுக்கு அது ஒரு சொல்லின் வல்லமையாகத் தோன்றியது. உண்மையில் அம்மழை, அச்சொல் பிறப்பதற்கு நெடுநேரம் முன்னரே ஆயத்தமாகியிருந்தது. நீர் எங்கிருந்து வரும், எத்துணை நேரம் பொழியும், நடிகர் எவ்விடத்தில் நிற்பர், கமரா நனையாமல் இருப்பது எவ்வாறு என்பனவற்றையெல்லாம் எவரேனும் முன்கூட்டியே எண்ணி முடிக்காவிடில் ஒரு துளியும் விழுந்திராது.

பெருஞ்செலவிலே படம் எடுப்போர், தவறவிட்ட ஒரு நாளைப் பொருள் கொடுத்து மீண்டும் வாங்கிக் கொள்வர். மாணாக்கருக்கு அது இயலாது. இரவல் கமரா, நண்பர் தந்த ஒலிவாங்கி, கைச்செலவிலே மிச்சம் பிடித்த சிறு தொகை ஆகியவையே அவர்தம் முதல். ஆதலின் படப்பிடிப்புக்கு முந்திய திட்டம் வேறெவரையும்விட அவர்களுக்கே இன்றியமையாதது.

இதனைக் கல்லடியை வைத்து ஆராய்வது பொருத்தமாகும். ஒருபுறம் வங்கக் கடலும் மறுபுறம் மட்டக்களப்பு வாவியும் சூழ்ந்த ஊர் அது. ‘யாழ் நூல்’ தந்த சுவாமி விபுலாநந்தரின் பெயரால், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அழகியற் கற்கைகள் நிறுவகம் அங்கே இயங்குகின்றது. இசையும் நடனமும் நாடகமும் காட்சிக் கலையும் அங்கே பயிலப்படுகின்றன. அவ்வூரிலே மாணாக்கர் ஐவர் கூடிப் பத்து நிமிடக் குறும்படம் ஒன்றை எடுக்க விரும்புகின்றனர் என்று கொள்வோம். செவிப்புலன் மங்கிவரும் முதிய மீனவர் ஒருவர், பூரணை இரவிலே பேத்தியைத் தோணியில் அழைத்துச் சென்று, பாடும் மீனின் ஒலியைக் கேட்பிக்கின்றார். அவள் கேட்கின்றாள், அவருக்குக் கேட்கவில்லை. கதை இவ்வளவே.

கதையை இவ்வாறு சில சொற்களில் அடக்க முடிவதே திட்டத்தின் முதற்படி. அடக்க முடியாத கதை பத்து நிமிடத்துள்ளும் அடங்காது. பாலு மகேந்திரா தொலைக்காட்சிக்கென ‘கதை நேரம்’ என்னும் தொடரிலே 52 சிறுகதைகளைப் படமாக்கினார். சிறுகதைக்குரிய கட்டுப்பாடே குறும்படத்துக்கும் உரியது என்பதற்கு அத்தொடர் நல்ல சான்று.

அடுத்தது திரைக்கதை. எழுத்தில் ஒரு பக்கம் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்பது துறையினர் கொள்ளும் கணக்கு. எழுதி முடித்தபின், காட்சிகளைத் தனித்தனியே பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இடம், பொழுது, நடிகர், வேண்டும் பொருள் ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். பிறகு கதையின் ஒழுங்கை மறந்து இடத்தின் ஒழுங்கைப் பற்றவேண்டும். முதியவரின் வீட்டு முற்றம் படத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் வருமாயின், அவ்விரண்டையும் ஒரே நாளிற் பிடித்துவிடலாம்.

மூன்றாவது, இடத்தைச் சென்று பார்த்தல். நண்பகலிலே பார்த்துவிட்டு நள்ளிரவிலே படம் பிடிக்கப் போவது பயன்தராது. காட்சி நிகழும் பொழுதிலேயே போய்ப் பார்த்தல் வேண்டும். கல்லடியில் ஞாயிறு கடலிலே தோன்றி வாவிப் பக்கத்தில் மறைகின்றது. பூரணை நிலவோ, ஞாயிறு மறையும் வேளையில் கடற்புறத்தே எழுகின்றது. நிலவும் அந்தி வெளிச்சமும் ஒருங்கே வேண்டுமாயின், பூரணைக்கு முதல் நாள் மாலையே ஏற்றது. அன்று ஞாயிறு மறையுமுன்னரே நிலவு எழுந்துவிடும். இதை அறியாதவர் மறுநாள் இருளிலே நின்று, நிலவைத் தவிர வேறெதுவும் பதிவாகாமை கண்டு வருந்துவர்.

பாடும் மீனின் ஒலி சித்திரை முதல் புரட்டாதி வரையுள்ள காலத்தில், நிலவொளி மிக்க அமைதியான இரவுகளிலே நன்கு கேட்கும் என்பர். 1848ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் எமர்சன் டெனன்ட் வாவியிலே கேட்டு எழுதிவைத்தார். ஒலி எழுப்புவது மீனா, ஊரி போன்ற சிப்பி இனமா என்பதில் இன்னும் கருத்து ஒன்றுபடவில்லை. துடுப்பின் ஒரு நுனியை நீரில் இட்டு, மறுநுனியைச் செவியில் வைத்துக் கேட்பது மீனவர் வழக்கம். ஆகவே, இப்படத்துக்கு ஆண்டொன்றில் ஏறக்குறைய ஆறு பூரணைகளே வாய்க்கும். அவற்றுள் ஒன்றை முகில் மறைக்கலாம். மற்றொன்றைக் காற்றுக் குழப்பலாம். ஐப்பசிக்குப் பின் மாரி தொடங்கிவிடும்.

காட்சிக்கு மட்டுமன்றி ஒலிக்கும் திட்டம் வேண்டும். 1924இல் திறக்கப்பட்ட பழைய பாலத்தின் அருகே 2013இல் புதிய பாலம் எழுந்தது. அதன்மீது செல்லும் வாகனங்களின் இரைச்சல் எந்நேரம் அடங்குகின்றது என்பதை ஓரிரவு விழித்திருந்து குறித்துக்கொள்ளல் வேண்டும்.

பருவத்தைத் தவறவிட்டால் நேர்வதென்ன என்பதற்கு வங்காளத்தில் ஒரு சான்று உண்டு. சத்யஜித் ராய் 1952 ஒக்டோபரிலே ‘பதேர் பாஞ்சாலி’யின் படப்பிடிப்பை, வெண்பூக்கள் நிறைந்த நாணற் புல்வெளி ஒன்றிலே தொடங்கினார். பாதிக் காட்சியைப் பிடித்துவிட்டு மறுவாரம் திரும்பி வந்தபோது, மாடுகள் பூக்களை மேய்ந்துவிட்டிருந்தன. அடுத்த பூக்காலம் வரை அவர் காத்திருக்க நேர்ந்தது; படம் 1955இலேயே வெளிவந்தது. காட்சிகளை முன்னரே சித்திரங்களாக வரைந்து வைத்திருந்த அவருக்கே இவ்வாறு நேர்ந்தது. ஆகவே, ஒவ்வொரு முக்கிய காட்சிக்கும் மாற்று நாள் ஒன்றைக் குறித்துவைப்பது அறிவுடைமை.

நான்காவது, செலவுக் கணக்கு. உணவு, போக்குவரத்து, மின்கலம் ஆகியவற்றை எவரும் எழுதுவர். தோணிக்காரரின் கூலியைப் பலர் மறந்துவிடுகின்றனர். படத்துக்காக அவர் ஓரிரவு வலை வீசாதிருந்தால், மறுநாள் அவர் வீட்டு உலைக்கு வேண்டிய அரிசி குறைகின்றது. நட்பின் பெயரால் அதனை இலவசமாகப் பெறுவது, ஏழையிடம் நன்கொடை வாங்குவதாகும். அத்தொகை கணக்கின் முதல் வரியிலேயே இடம்பெறல் வேண்டும். இரவிலே தோணியேறும் சிறுமிக்கு உயிர்காப்பு அங்கியும், உடன்வரும் இரண்டாவது தோணியும் அடுத்த வரியில் வரவேண்டும்.

இறுதியாக, இசைவு. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கல்லடியையும் நாவலடியையும் தாக்கியது. அலையினாற் சாய்ந்த திருச்செந்தூர் முருகன் ஆலயக் கோபுரம், படம் எடுப்போரின் கண்ணை எளிதிற் கவரும். ஆனால் அக்கரையிலே பிள்ளைகளை இழந்த தாய்மார் இன்றும் வாழ்கின்றனர். முதிய மீனவர் பாத்திரத்துக்குத் தெரிந்தெடுக்கப்பட்டவர் அவ்வாறு இழந்தவராய் இருத்தல் கூடும். கடலை நோக்கி அழுமாறு அவரைக் கேட்பதா என்பதைக் கமராவின் முன்னே நின்று தீர்மானித்தல் தகாது. பல நாள் முன்னரே அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, கதையை முழுவதும் சொல்லி, அவர் மறுப்பதற்கும் இடம் கொடுத்துக் கேட்டல் வேண்டும். அவர் மறுப்பாராயின் அக்காட்சியை மாற்றி எழுதல் வேண்டும். தாளில் எழுதிய காட்சியை மாற்ற ஒரு மாலைப் பொழுது போதும்; பலர் முன்னிலையில் புண்பட்ட மனத்தை ஆற்ற எத்தனை பூரணைகளும் போதா.