தன்னைப் பகிடி பண்ணும் மேடை



நியூயோர்க்கில் ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர் மூன்றாம் வியாழக்கிழமை கத்தோலிக்க விருந்தொன்று நடக்கும். பெருந்தொகை கொடுத்து வாங்கும் ஆசனங்கள்; அந்தப் பணம் வறிய பிள்ளைகளுக்குப் போகிறது. அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் ஆண்டென்றால் எதிரெதிர் வேட்பாளர்கள் இருவரையும் வழக்கமாக அழைப்பார்கள். வாக்களிப்புக்கு இரண்டு மூன்று கிழமையே இருக்க, பேராயருக்கு முன்னால் அவர்கள் பகிடியாகப் பேச வேண்டும். 1960இல் கென்னடியும் நிக்சனும் அந்த மேடையில் பேசினார்கள்.

அல்பிரட் ஸ்மித்தின் நினைவாக, அவர் இறந்த மறுவருடம் 1945இல், பேராயர் ஸ்பெல்மன் தொடங்கிய விருந்து இது. தகப்பன் இறந்ததால் பள்ளிக்கூடத்தை விட்டு, ஃபுல்டன் மீன்சந்தையில் உழைத்தவர் ஸ்மித். பின்னாளில் சட்டசபையில் மற்றவர்கள் தங்கள் பட்டங்களைச் சொன்னபோது, தன் பட்டம் அந்த மீன்சந்தைதான் என்றாராம். மீன்பிடி ஊர்களான குருநகரிலும் பாசையூரிலும் இதைக் கேட்பவர்களுக்கு அவரை உடனே பிடித்துவிடும். நான்கு தடவை நியூயோர்க் ஆளுநராகத் தெரிவானவர். 1928இல் பெரிய கட்சியொன்றின் முதல் கத்தோலிக்க ஜனாதிபதி வேட்பாளராக நின்றபோது, சமயத்தைச் சொல்லியே தூற்றினார்கள். தோற்றுப்போனார்.

தன்னைத் தானே பகிடி பண்ணும் இந்தக் கலையின் உச்சம் 2008 என்பேன். ஒபாமாவை அவருடைய ஆதரவாளர்கள் மீட்பர் போலக் கொண்டாடிய காலம். அவர் எழுந்து, நான் மாட்டுத் தொழுவத்தில் பிறக்கவில்லை, சூப்பர்மான் பிறந்த கிரிப்டன் கோளில்தான் பிறந்தேன் என்றார். தன்மேல் விழுந்த புகழை அவரே கலைத்துவிட்டார். எதிர்த்து நின்ற ஜோன் மக்கெயினும் பகிடிகள் முடிந்ததும் ஒபாமாவை மனந்திறந்து பாராட்டினார். எதிராளிக்கு வெற்றி வாழ்த்துச் சொல்ல முடியாது, ஆனால் நலம் வாழ்த்துகிறேன் என்றார். பகை இருந்த இடத்திலேயே இருக்க, மரியாதையும் பக்கத்தில் வந்து இருந்தது.

2016இல் அந்த மரியாதை கெட்டது. ட்ரம்பின் முதற் பகிடிகளுக்குச் சபை சிரித்தது. பிறகு எதிர் வேட்பாளர் ஹிலரி கிளின்டன் கத்தோலிக்கரை வெறுப்பவர் என்ற தொனியில் அவர் போனதும், விருந்துக்கு வந்தவர்களே கூச்சலிட்டார்கள். பகிடி தன்னில் தொடங்க வேண்டும், மற்றவரை மெல்லத் தொட வேண்டும். அந்த ஒழுங்கு தவறினால் அது வசைதான். 2024இல் கமலா ஹரிஸ் நேரில் வராமல் ஒளிப்பதிவு அனுப்பியதையும் நான் குறையாகவே பார்க்கிறேன். எதிராளியின் முகத்துக்கு முன்னால் இருந்து சிரிப்பதுதான் இங்கே சோதனை.

யாழ்ப்பாணத்தில் எங்கள் தேர்தல் மேடைகளில் நக்கலுக்குப் பஞ்சமில்லை. விருப்பு வாக்குக்காக ஒரே பட்டியலில் நிற்பவர்களே ஒருவரை ஒருவர் கிழிக்கிறார்கள். தன்னைப் பகிடி பண்ணிய வேட்பாளரைத்தான் காணோம். யாழ்ப்பாணத்தானுக்கு அது வராது என்று சொல்லாதீர்கள். ‘சிரித்திரன்’ சஞ்சிகையின் சிவஞானசுந்தரம் வரைந்த கேலிச்சித்திரப் பாத்திரமான சவாரித்தம்பரில் இந்த மண் தன்னைத் தானே பார்த்துச் சிரித்திருக்கிறது.

பங்குத் தந்தையரே, பழைய மாணவர் சங்கத்தினரே, அடுத்த தேர்தலுக்கு முன் உங்கள் மண்டபமொன்றில் வேட்பாளர்களை ஒன்றாக இருத்துங்கள். நுழைவுச்சீட்டுப் பணம் ஒரு சிறுவர் இல்லத்துக்குப் போகட்டும். முதல் ஐந்து நிமிடம் ஒவ்வொருவரும் தன்னைப் பற்றி மட்டும் பகிடி சொல்ல வேண்டும் என்று நிபந்தனை வையுங்கள். நேயர்களே, நீங்களும் போய்க் கேளுங்கள். வாக்களிக்க முன் அவர்களை அப்படியும் ஒருதரம் பார்த்துவிடுங்கள்.