பயற்றுப் பானைக்குள் வண்டு வந்தது எவ்வாறு?

(கமக்காரர் கூட்டமொன்றில் விவசாயப் போதனாசிரியர் ஆற்றிய உரை)



சென்ற மாதம் ஒரு வீட்டுக்குச் சென்றிருந்தேன். அவ்வீட்டு அம்மா ஒரு பானையை என் முன்னே சுளகிற் கவிழ்த்தார். விதைக்கென வைத்திருந்த பயறு, பாதிக்கு மேல் துளைபட்டு, மாவும் தூளுமாய்க் கொட்டியது. "வாயை இறுகக் கட்டித்தானே வைத்தனான், தம்பி. வண்டு எங்கேயிருந்து வந்தது?" என்று கேட்டார். அக்கேள்விக்கு விடை கூறவே இன்று உங்கள் முன் நிற்கின்றேன்.

வண்டு பெரும்பாலும் பயற்றுடனேயே வீட்டுக்கு வருகின்றது. வயலில் முற்றிய காய்களின் மீதே பயற்று வண்டு முட்டையிடத் தொடங்கும். வீட்டில் அது பயற்றின் தோலிலேயே முட்டைகளை ஒட்டிவிடும். குண்டூசித் தலையிலும் சிறிய வெள்ளைப் புள்ளிகளே அம்முட்டைகள். வெளிவரும் புழு நேரே பயற்றினுள் துளைத்துச் சென்று உள்ளீட்டைத் தின்னும். ஏறக்குறைய நான்கு கிழமைகளில் வட்டத் துளையிட்டு, வண்டாக வெளியேறும். ஆகவே, துளையைக் காணும்போது சேதம் நடந்து முடிந்துவிட்டது. புள்ளியைக் காணும்போதே விழித்துக்கொள்ளல் வேண்டும்.

மாசியில் எடுத்த விதையை ஐப்பசியில் விதைப்பதாயின், இடையே எட்டு மாதங்கள் உள்ளன. அதற்குள் வண்டு எட்டுத் தலைமுறை பெருகலாம். ஒரு பெட்டை வண்டு 50க்கு மேற்பட்ட முட்டைகள் இடுமெனின், பானை நிறைவதற்குச் சில வண்டுகளே போதும்.

பிற வண்டுகளையும் அறிந்திருத்தல் நன்று. அரிசியிலும் சோளத்திலும் காண்பது நீண்ட மூக்குடைய கூன்வண்டு. மாவிற் காண்பது தட்டையான செம்பழுப்பு வண்டு; அது பெருகினால் மா கெட்ட நாற்றம் வீசும். பயற்று வண்டுக்கு நீண்ட மூக்கில்லை. அதன் சிறகுறை வயிற்றின் நுனியை முற்றாக மூடுவதுமில்லை.

இனி, செய்யவேண்டியவை:

1. காய்கள் முற்றியவுடன் பறியுங்கள். வயலில் நெடுநாள் விடாதீர்கள்.

2. பயற்றை இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலிற் காயவிடுங்கள். பல்லாற் கடித்தால் 'டக்' என உடைதல் வேண்டும். சூடு ஆறிய பின்னரே பாத்திரத்திலிடுங்கள்.

3. பழைய பயற்றைப் புதியதுடன் கலவாதீர்கள். பழைய சாக்கைக் கொதிநீரில் அவித்து, உலர்த்திப் பயன்படுத்துங்கள்.

4. ஒரு கிலோ பயற்றுக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலீற்றர், தேங்காயெண்ணெய் அல்லது நல்லெண்ணெய் விட்டு, ஒவ்வொரு மணியும் மினுங்கும்வரை பிசறுங்கள். எண்ணெய் முட்டைகளை மூச்சடைக்கச் செய்யும்.

5. காற்றுப் புகாத பாத்திரத்தை வாய்மட்டும் நிரப்பி மூடுங்கள். உள்ளே காற்றுக் குறைந்தால் வண்டு பெருகாது.

6. மாதத்துக்கொரு முறை ஒரு பிடி எடுத்துப் பாருங்கள்.

பயிருக்குத் தெளிக்கும் நஞ்சை உண்ணும் தானியத்தில் ஒருபோதும் கலவாதீர்கள். அஃது உயிருக்கே ஆபத்தாகும்.

விதைப்புக்கு முன் 100 மணிகளை ஈரச் சாக்கிற் சுற்றி வைத்து, ஐந்தாம் நாள் எண்ணிப் பாருங்கள். 80க்குக் குறைவாக முளைத்தால் வேறு விதை தேடுங்கள். கெட்ட விதையென வயலில் அறிவதிலும் வீட்டில் அறிவதே மேல்.

அந்த அம்மா அவ்வருடம் விதையை விலைகொடுத்தே வாங்கினார். அடுத்த போகத்தில் உங்கள் விதை உங்கள் பானையிலிருந்தே வருவதாக!