காலில் படியும் பாட்டு



வட்டாப்பளைக் கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கலை அறியாதார் வன்னியில் இல்லை. அக்கண்ணகியின் கதையையே முல்லைத்தீவு மக்கள் கோவலன் கூத்தாக ஆடிவருகின்றனர். அதன் ஆட்டப்பாங்கு முல்லைமோடி எனப்படும்.

சிலப்பதிகாரத்தை எழுத்தெண்ணிப் படித்துப் பட்டம் பெற்ற எனக்கு, அண்ணாவியார் ஒருவரிடம் ஒரு தருவைப் பாடிப் பழகவே பல இரவுகள் சென்றன. அவர் விளக்கம் சொல்வதில்லை. தாம் பாடுவார், நாம் திருப்பிப் பாடவேண்டும். மத்தளத்துக்குக் கால் சரியாக விழுந்த பின்னரே அடுத்த அடி. பாட்டு எங்கே நீளும், எங்கே முறியும் என்பதைக் கொப்பி காட்டாது. கோவலன் சிலம்பு விற்கப் புறப்படும் கட்டத்தில் அந்த நீட்சி இல்லையேல், அது வெறும் வசனந்தான்!

ஆர்மீனியத் துறவி கோமிதாஸ் ஊரூராகச் சென்று குடியானவரின் பாடல்களை இசைக்குறியில் எழுதிவைத்தார். 1915 இல் கைதாகி நாடுகடத்தப்பட்டார். உயிர் மீண்டது; மனம் மீளவில்லை. 1935 இல் பாரிசுக்கு அருகே இறந்தார். அவர் எழுதியவற்றுட் பல அழிந்தபோதும், எஞ்சியவற்றை அம்மக்கள் இன்றும் பாடுகின்றனர்.

எமது கூத்துக்கு அத்தகைய ஏடு அரிது. 2009 இல் முல்லைத்தீவு மக்கள் இடம்பெயர்ந்தபோது, அதைச் சுமந்தவை அண்ணாவிமாரின் தொண்டையும் கால்களுமே. அச்சிட்ட கூத்துநூல்கள் வேண்டியவைதான். ஆயினும் அவற்றிலிருந்து பரீட்சை வினா எழுதுவதோடு நாம் நின்றுவிடுகிறோம். ஆசிரியர்களே, ஓர் அண்ணாவியாரை வகுப்பறைக்கு அழையுங்கள். மேசை வாங்குகளை ஒதுக்கிவையுங்கள். முதல் நாளுக்கு ஒரு தரு போதும்.