கல்லச்சு பிறந்த நகரம்

அக்டோபர் விழா என்று பெயர், தொடங்குவதோ செப்டம்பரில்! ஜெர்மனியில் மியூனிக் நகரத்துப் பீர்த் திருவிழாவைத்தான் குறிப்பிடுகிறேன். 1810-ஆம் ஆண்டு அக்டோபரில் பவேரிய இளவரசர் லுத்விக், இளவரசி தெரேசாவை மணந்தார். அப்போது நடந்த குதிரைப் பந்தயமே இவ்விழாவின் தோற்றம். விழாத் திடல் இன்றும் மணமகளின் பெயரையே தாங்கி நிற்கிறது.

நான் சென்றபோது, பெரும் பந்தல்களில் ஆயிரக்கணக்கானோர் நெருங்கி அமர்ந்து, ஒரு லிட்டர் கொள்ளும் குவளைகளை உயர்த்திப் பாடிக்கொண்டிருந்தனர். வெளியே இராட்டினங்கள், வறுத்த பாதாம் பருப்பின் மணம், குழந்தைகளின் ஆரவாரம். எங்கள் சிவகாசிப் பத்திரகாளியம்மன் கோயில் சித்திரைப் பொங்கல் நினைவுக்கு வந்தது. குவளையை நான் தொடவில்லை. பாதாம் பருப்பை விட்டுவைக்கவுமில்லை.

ஆயினும், சிவகாசிக்காரன் ஒருவன் அந்நகரில் அவசியம் காண வேண்டிய இடம் வேறொன்று உண்டு. திடலிலிருந்து சற்றுத் தூரம் நடந்தால் பழைய தெற்குக் கல்லறைத் தோட்டம். 1834-இல் மறைந்த அலோய்ஸ் செனஃபெல்டர் அங்கே துயில்கிறார்.

அவர் நாடகம் எழுதியவர். அவற்றை அச்சிடப் பணம் இல்லாதவர். மலிவாக அச்சிட வழி தேடிச் சுண்ணாம்புக் கல்லில் சோதனைகள் செய்து வந்தார். 1796-இல் ஒருநாள், சலவைக் கணக்கு எழுதக் காகிதம் அகப்படாமல் அக்கல்லிலேயே எழுதினாராம். ஆராய்ச்சி தொடர்ந்தது. எண்ணெயும் நீரும் ஒட்டா என்பதை நாம் அறிவோம். கொழுப்பு மையால் கல்லில் எழுதி, கல்லை நனைத்து, அச்சு மையை உருட்டினால், எழுதிய இடம் மையை ஏற்கும். ஈரமான இடம் விலக்கும். எழுத்தைச் செதுக்க வேண்டுவதில்லை. இதுவே கல்லச்சு. கல்லின் இடத்தில் உலோகத் தகடு வந்து, ரப்பர் உருளையும் சேர்ந்தபோது அது ஆஃப்செட் ஆயிற்று, தத்துவம் மாறவில்லை.

சிவகாசிக்கு இதனால் என்ன? மழை குறைந்த கரிசல் பூமி எங்களுடையது. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வண்ணப் படச் சீட்டுகள் தேவைப்பட்டன. அச்சுத் தொழில் வேரூன்றியது. உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியும் அங்கே அச்சானதாயிருக்கலாம்.

மாணவ நண்பர்களே! வறுமை, செனஃபெல்டரின் கையைக் கட்டவில்லை. வறட்சி, எங்கள் ஊரின் காலைக் கட்டவில்லை. ஓர் ஏழை எழுத்தாளரின் அறிவு கடல் கடந்து வந்து கரிசல் காட்டில் உலையேற்றியது. வெளிநாடு செல்லும் வாய்ப்பு உங்களுக்கும் வரும். விழாக்களைக் கண்டு மகிழுங்கள். நம் ஊர்த் தொழிலுக்குக் கற்று வரத் தக்கது எது என்பதையும் தேடிப் பாருங்கள்.