வாந்திபேதிக்குக் காரணம் எது?



ஒரு வியாதிக்குக் காரணம் இன்னதென்று எப்படி முடிவு செய்வது என்பது ஒன்றே இன்று நாம் பேச வந்த சங்கதி.

வாந்திபேதி கண்டால் காளிக்குக் கோபம் என்று கிடா வெட்டியவர்களைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். ஆனால், படித்த சீமை டாக்டர்களிலும் பெரும்பாலோர் ஒரு காலத்தில் "கெட்ட காற்றே காரணம்" என்று சாதித்து வந்தார்கள். சோதித்துப் பாராத வரையில் இரண்டும் நம்பிக்கைதானே?

1854-ல் லண்டனில் பிராட் வீதியைச் சுற்றி 600 பேருக்கு மேல் வாந்திபேதியில் மாண்டார்கள். ஜான் ஸ்நோ என்ற டாக்டர், செத்தவர்கள் எந்தத் தண்ணீரைக் குடித்தார்கள் என்று வீடு வீடாக விசாரித்தார். பெரும்பாலோர் அவ்வீதிப் பம்பில் பிடித்துக் குடித்தவர்கள். அங்கேயே இருந்த பீர் ஆலைத் தொழிலாளிகளில் ஒருவரும் சாகவில்லை. அவர்கள் அந்தத் தண்ணீரைக் குடிப்பதில்லை. சில மைலுக்கு அப்பால் ஹாம்ப்ஸ்டெட்டிலிருந்த ஒரு விதவையோ மாண்டாள். அவள் அந்தப் பம்புத் தண்ணீரையே வரவழைத்துக் குடித்தவள். காற்றுதான் காரணமானால் பக்கத்திலிருந்தவன் பிழைப்பானேன்? தூரத்திலிருந்தவள் சாவானேன்?

செப்டம்பர் 8-ந் தேதி பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. அதற்கு முன்பே சாவு குறைந்து வந்ததென்பதை ஸ்நோ மறைக்கவில்லை. "பூசை போட்டோம், நோய் நின்றது" என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கொள்ளைநோய் தானாகவும் தணியும்.

பிறகு 1884-ல் கல்கத்தாவில் ராபர்ட் கோக், நோயாளிகளின் குடலில் கண்ட கிருமியையே, ஜனங்கள் குளித்துத் துணி துவைத்துக் குடித்த குளத்திலும் கண்டார். 1892-ல் பெட்டென்கோபர் என்ற ஜெர்மன் பேராசிரியர் அக்கிருமியைத் தாமே விழுங்கினார். லேசான பேதியோடு பிழைத்து, கிருமி மட்டும் காரணமல்ல என்றார். உண்மை என்னவென்றால், கிருமி புகுந்த எல்லோரும் படுப்பதில்லை. பலருக்கு நோயே தெரிவதில்லை. ஆயினும் அவர்கள் மலம் தண்ணீரில் கலந்தால் அடுத்தவன் சாவான். ஆகவே, "நான் குடித்தேன், எனக்கொன்றும் வரவில்லையே" என்பது ருசுவாகாது.

நாம் சொல்லுகிறோம் என்பதற்காக நம்பாதீர்கள். உங்கள் ஊரில் நோய் கண்டால், படுத்தவர் யார், படாதவர் யார், எவர் எந்தத் தண்ணீர் குடித்தார் என்று கணக்கெடுங்கள். அதுவரை தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள். படுத்தவருக்கு உப்பும் சர்க்கரையும் அளவாய்க் கலந்த நீரைக் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கிடாவுக்குச் செலவிடும் பணம் கிணற்றுக்குச் சுவர் கட்ட உதவட்டும்.