தூரிகையும் உழைப்பாளி வீட்டுப் பிள்ளையும்

(உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்கு ஞாயிறுதோறும் ஓவிய வகுப்பு நடத்துவது குறித்து, பெங்களூரு ஆஸ்டின் டவுனில் கட்சி உறுப்பினர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)



எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் படிக்கும் நம் பகுதிப் பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு தொடங்கலாம் என்ற கருத்து வந்தபோது, "வாடகையும் விலைவாசியும் கழுத்தை நெரிக்கும் காலத்தில் ஓவியம் நமக்கு முதன்மைப் பணியா?" என்று சில தோழர்கள் கேட்டனர். கேள்வி நியாயமானது. அதற்கு நேரடியாக விடை கூற விரும்புகிறேன்.

ஓவியத் திறமை ஒரு சிலரிடம் மட்டும் குவிந்திருப்பதும், பெருந்திரளான மக்களிடம் அது நசுக்கப்பட்டிருப்பதும் வேலைப் பிரிவினையின் விளைவு என்று மார்க்சும் எங்கெல்சும் 'ஜெர்மன் சித்தாந்த'த்தில் விளக்கினர். அது இயற்கை வகுத்த விதி அன்று. சமூகம் செய்த ஏற்பாடு. தனியார் பள்ளிப் பிள்ளைக்கு வண்ணப்பெட்டியும் பயிற்சியாளரும் கிடைக்கின்றனர். கட்டடத் தொழிலாளியின் பிள்ளைக்கு "உனக்கெதற்கு இதெல்லாம்?" என்ற சொல்லே கிடைக்கிறது. வாடகைக்காகப் போராடும் நாம் இந்தப் பறிப்பை மட்டும் ஏன் பொறுத்துக்கொள்ள வேண்டும்?

சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை, 100 பிள்ளைகளுக்கு மேல் உள்ள பள்ளிகளில் கலைக் கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் இருக்க வேண்டும் என்கிறது. பகுதிநேரம் மட்டுமே. அதுவும் 14 வயதோடு சட்டத்தின் எல்லை முடிந்துவிடுகிறது. ஒன்பதாம் வகுப்பில் கால் வைக்கும் பிள்ளைக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை. கர்நாடகத்தின் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வில் மொத்தம் 625 மதிப்பெண். பொதுவான பாடங்களில் ஓவியத்துக்கு இடமில்லை. மதிப்பெண் இல்லாத பாடவேளையைக் கணக்கும் அறிவியலும் விழுங்கிவிடுகின்றன. கலைக்கும் அறிவியலுக்கும் இடையே இறுக்கமான பிரிவு கூடாது என்று 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை அழகாக எழுதியது. ஆசிரியரை நியமிக்காமல் பிரிவு எப்படி நீங்கும்?

தமிழ்நாட்டின் அனுபவம் நம் கண்முன் இருக்கிறது. 2012இல் ஓவியம், உடற்கல்வி, இசை, கணினி, தையல் முதலிய பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டனர். தொடக்க ஊதியம் மாதம் 5,000 ரூபாய். பல கட்டப் போராட்டங்களுக்குப் பின்னரே, 2021இல் அது 10,000 ரூபாயை எட்டியது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் வீதியில் நின்றனர். ஆசிரியரின் வயிறு காயும்போது கலைக் கல்வி செழிக்காது. ஓவிய வகுப்புக்கான கோரிக்கை ஓர் உழைப்பாளியின் ஊதியத்துக்கான கோரிக்கையும் ஆகும்.

நம் இயக்கத்துக்கு ஓவியம் புதிய உறவும் அன்று. 1943இல் வங்கப் பஞ்சத்தின்போது தோழர் சித்தபிரசாத் மிட்னாபூர் மாவட்டத்தில் ஊர் ஊராகச் சென்று, பட்டினியால் மடிந்த மக்களைக் கருமையில் வரைந்தார். 'பசித்த வங்காளம்' என்ற அந்த நூலின் படிகளைப் பிரிட்டிஷ் அரசு கைப்பற்றி அழித்தது. கோட்டோவியம் கண்டு ஒரு பேரரசு அஞ்சியது! அவர் கலைப்பள்ளியில் பயின்றவர் அல்லர், தாமே கற்றவர். 1946இல் தெபாகா விவசாயிகளின் எழுச்சியை நேரில் கண்டு வரைந்த சோமநாத் ஹோர், பிற்காலத்தில் சாந்திநிகேதனில் மாணவர்களுக்குக் கற்பித்தார். 1923இல் சிங்காரவேலர் மே நாள் கொண்டாடிய சென்னைக் கடற்கரையில், 1959 முதல் உழைப்பாளர் சிலை நிற்கிறது. வடித்தவர் சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி. அவர் தெய்வத்தையோ மன்னரையோ அங்கே வடிக்கவில்லை; பாறையை நெம்பும் நான்கு தொழிலாளிகளை வடித்தார்.

உயர்நிலைப்பள்ளி வயதை ஏன் தேர்ந்தெடுக்கிறோம்? சோவியத் உளவியலாளர் விகோட்ஸ்கி இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். சிறு குழந்தை தயக்கமின்றி வரைகிறது. பதின்பருவம் நெருங்கும்போது தன் படத்தைத் தானே குறை காணத் தொடங்கி, மனம் தளர்ந்து கைவிட்டுவிடுகிறது. அந்த நேரத்தில் பாராட்டு மட்டும் போதாது. தொழில்நுட்பம் கற்றுத்தர வேண்டும். ஆகவே நம் வகுப்பில் நிழலும் ஒளியும், தொலைவும் அளவும், மனித உருவத்தின் விகிதமும் முறையாகக் கற்பிக்கப்பட வேண்டும். அச்சிட்ட படத்துக்கு வண்ணம் தீட்டவைத்து அனுப்பிவிடக் கூடாது. மாநில அரசு நடத்தும் ஓவியத் தேர்வுகளுக்கும் விரும்பும் பிள்ளைகளை ஆயத்தம் செய்யலாம்.

வேறொரு பயனும் உண்டு. கன்னட அகராதி தந்த கிட்டலின் பெயரைத் தாங்கிய நகர் இது. இங்கே தமிழ், கன்னடம், உருது, தெலுங்கு பேசும் பிள்ளைகள் ஒரே தெருவில் வளர்கின்றனர். மொழியின் பெயரால் உழைக்கும் மக்களைப் பிரிக்க முயல்வோரை இந்நகரம் பலமுறை கண்டிருக்கிறது. ஒரே பானையைச் சுற்றி அமர்ந்து வரையும் பிள்ளைகளுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.

இரண்டு எச்சரிக்கைகளைக் கூற வேண்டும். முதலாவது, இவ்வகுப்பு நம் சுவரொட்டிக்கு ஆள் பிடிக்கும் இடமாக மாறக் கூடாது. பிள்ளை கொடியை வரைந்தாலும் கோழியை வரைந்தாலும் சமமாகவே மதிக்க வேண்டும். தன் தாய் தண்ணீர்க் குடத்துடன் வரிசையில் நிற்பதை உற்றுப் பார்த்து வரையக் கற்ற பிள்ளைக்கு, நாம் முழக்கத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, நம் தொண்டு அரசின் கடமைக்கு மாற்றாகிவிடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை நாம் வகுப்பு நடத்துவதைக் காட்டியே அதிகாரிகள் கை கழுவிவிடுவார்கள். பொது உடைமையைக் காக்கக் கலைஞர்களும் போராட வேண்டியிருக்கிறது: வெங்கடப்பா ஓவியக் கூடத்தைத் தனியார் அறக்கட்டளையிடம் ஒப்படைக்கும் திட்டத்தை எதிர்த்து 2016இல் இந்நகர ஓவியர்கள் திரண்டனர். அதே உணர்வுடன், ஒவ்வோர் அரசு உயர்நிலைப்பள்ளிக்கும் முழுநேர, நிரந்தர ஓவிய ஆசிரியர் வேண்டும் என்ற கோரிக்கையைப் பெற்றோரின் கையெழுத்துகளுடன் கல்வித் துறையிடம் அளிக்க வேண்டும். வகுப்பும் கோரிக்கையும் ஒரே நாளில் தொடங்கட்டும்.

தேவைப்படுபவை எளியவை: ஓர் அறை, தாள், பென்சில், சிறிது வண்ணம். ஃபிளெக்ஸ் அச்சு வந்தபின் வேலை இழந்த பெயர்ப்பலகை ஓவியர்கள் நம்மிடையே உள்ளனர். அவர்களை மதிப்பூதியம் கொடுத்து ஆசிரியர்களாக அழைப்போம். ஜனவரியில் சித்ரகலா பரிஷத் நடத்தும் சித்திரச் சந்தைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வோம். பொறுப்பேற்கும் தோழர்கள் இக்கூட்டத்திலேயே பெயர் தர வேண்டும் என்று கேட்டு நிறைவு செய்கிறேன்.