நூல் வாங்கும் முன் நிறம் சேர்த்துப் பாருங்க!

(கூட்டமைப்பின் கைத்தொழில் பயிற்சி நாளில், பின்னல் வேலை செய்யும் குழு உறுப்பினர்கள் சேர்ந்து ஆற்றிய உரை)



குரோஷா பின்னலுக்கும் ஸ்வெட்டர் ஊசிப் பின்னலுக்கும் நூலில் கலர் சேர்ப்பது எப்படின்னு பேசச் சொல்லி எங்களைக் கூப்பிட்டிருக்காங்க. கலர்ல என்ன இருக்கு, அவங்கவங்க ரசனைதானேன்னு நாங்களும் ஒரு காலத்தில் நினைச்சவங்கதான். அந்த நினைப்புக்கு என்ன விலை கொடுத்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

கடற்கரை ஓரமா இருக்கிற ஒரு விடுதியில் இருந்து 24 மேஜை விரிப்புக்கு ஆர்டர் வந்தது. நடுவில் சந்தன நிறம், ஓரத்தில் கடல் நீலம். உள்கடன் எடுத்து நூல் வாங்கினோம். முக்கால்வாசி முடிந்தபோது நீலம் தீர்ந்துபோச்சு. அதே கம்பெனி, அதே கலர் நம்பர் பார்த்து மறுபடி வாங்கி, ராத்திரி டியூப்லைட் வெளிச்சத்தில் உட்கார்ந்து முடித்தோம். காலையில் வெயிலில் விரித்துப் பார்த்தால் நெஞ்சு பக்குன்னு ஆயிடுச்சு. ஒரே விரிப்பில் பாதி ஒரு நீலம், மீதி வேறு நீலம்! ஒன்பது விரிப்பு திரும்பி வந்தது. அது பெட்டியில் தூங்கியது. கடன் தவணை தூங்குமா? ஆளுக்குக் கொஞ்சம் கைக்காசு போட்டுக் கட்டினோம்.

அப்போதுதான் நூல் கண்டின் லேபிளில் கலர் நம்பரோடு லாட் நம்பர் என்று ஒன்று இருப்பதையே கவனித்தோம். ஒரே தடவையில் சாயம் போட்ட நூலுக்கு ஒரே லாட் நம்பர். அடுத்த தடவை போடும்போது சாயம் ஒரு துளி கூடும், குறையும். அதனால் ஒரு வேலைக்கு வேண்டிய நூலை ஒரே லாட்டில், ஒரு கண்டு கூடுதலாகவே வாங்குங்க. வேறு வழியே இல்லை என்றால், பழைய லாட்டில் இரண்டு வரிசை, புது லாட்டில் இரண்டு வரிசை என்று மாற்றி மாற்றிப் பின்னுங்க. வித்தியாசம் பரவிப் போய்விடும், கண்ணை உறுத்தாது.

சரி, கலர் சேர்ப்பதற்கு வருவோம். "எங்களுக்குக் கலர் பத்தி என்ன தெரியும்?" என்று யாரும் சொல்லாதீங்க. 2019 நவம்பர் வரைக்கும் நம்ம செங்கல்பட்டு காஞ்சிபுரம் மாவட்டத்தோடு இருந்த ஊர். காஞ்சிப் பட்டில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் தனித்தனி நூலில் கோர்த்து நெய்வதைத்தான் கோர்வை என்கிறார்கள். அரக்குக்கு மாம்பழ மஞ்சள், மயில் கழுத்துக்கு வாடாமல்லி என்று கடையில் நின்று பொருத்தம் சொல்வது நாம்தானே? கதம்பம் கட்டும்போது மல்லி நிறைய, கனகாம்பரம் கொஞ்சம், நடுநடுவே மரு என்று அளவு வைப்பதும் நம்ம கைதானே?

அந்த அளவுதான் முதல் பாடம். வேடந்தாங்கல் ஏரிக்கு வரும் மஞ்சள் மூக்கு நாரையைப் பாருங்க. உடம்பு பெரும்பாலும் வெள்ளை, இறக்கையிலும் மார்பிலும் கறுப்பு, வால் பக்கம் மட்டும் கொஞ்சம் ரோஸ். மூன்றும் சரிபாதியாக இருந்தால் அந்த ரோஸ் கண்ணில் நிற்குமா? நாங்கள் இப்போது ஒரு பைக்கு மூன்று நிறம் எடுத்தால் ஒன்று நிறைய, ஒன்று நடுத்தரம், ஒன்று சிட்டிகை என்றுதான் வைக்கிறோம்.

இரண்டாவது பாடம் வெளிர், அடர்த்தி. 2022ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்ததே, ஞாபகம் இருக்கா? செஸ் பலகையில் கட்டங்கள் தூரத்திலிருந்தே தெளிவாகத் தெரிவது எதனால்? ஒன்று வெளிர், ஒன்று அடர்த்தி. சிவப்பும் பச்சையும் வேறு வேறு நிறம்தான். ஆனால் இரண்டும் ஒரே அளவு அடர்த்தியாக இருந்தால், நீங்கள் கஷ்டப்பட்டுப் போட்ட டிசைன் தெரியாது. கண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பாருங்க. இல்லாவிட்டால் செல்போனில் கறுப்பு வெள்ளையில் ஒரு போட்டோ எடுங்க. இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் ஒன்றை மாற்றுங்க.

மூன்றாவது, பக்கத்து வீட்டு சகவாசம்! பாரிஸ் நகரத்தில் கோப்லான் என்று ஒரு பெரிய நெசவுக்கூடம். 1824ல் ஷெவ்ரூல் என்ற வேதியியல் அறிஞர் அங்கே சாயப் பிரிவின் பொறுப்புக்கு வந்தார். கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்று நெசவாளர்கள் புகார் சொன்னார்கள். அவர் சோதித்துப் பார்த்தால் சாயத்தில் ஒரு குறையும் இல்லை. நீலம், ஊதா நூலுக்குப் பக்கத்தில் வைத்து நெய்ததால்தான் கறுப்பு மங்கித் தெரிந்தது. இதைப் பற்றி 1839ல் ஒரு பெரிய புத்தகமே எழுதினார். ஆக, நூலைத் தனியாகப் பார்த்து "அழகா இருக்கே" என்று வாங்காதீங்க. எதோடு சேரப் போகிறதோ அதோடு வைத்துப் பாருங்க.

இதற்கு எங்கள் வழி ரொம்பச் சுலபம். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில், நினைத்த அளவுப்படி நூலைச் சுற்றுவோம். பத்து சுற்று சந்தனம், நாலு சுற்று நீலம், ஒரு சுற்று ஆரஞ்சு என்று. பகல் வெளிச்சத்தில் வாசலில் வைத்து, பத்தடி தள்ளி நின்று பார்ப்போம். சிவப்பும் பச்சையும் போல எதிர் எதிர் நிறங்களை அகலப் பட்டையாகப் போட்டால் பளிச்சென்று இருக்கும். ஒரு தையல் இது, ஒரு தையல் அது என்று கலந்தால் தூரத்தில் பழுப்பாகத் தெரியும். இரண்டு நூலையும் ஒன்றாக முறுக்கிப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. சிவப்பு, கருநீலம், கறுப்பு பருத்தி நூல் வெள்ளையோடு சேரும் முன், ஒரு முழம் நனைத்து வெள்ளைத் துணியில் வைத்து அழுத்துங்க. துணியில் கறை பட்டால் அந்த ஜோடி வேண்டாம்.

மிச்ச நூலை என்ன செய்வது என்று கேட்பீங்க. சின்னச் சின்னச் சதுரமாகப் பின்னி, எல்லாவற்றையும் ஒரே நிறத்தில், சந்தனத்திலோ கறுப்பிலோ, இணைத்து விடுங்க. எத்தனை நிறம் இருந்தாலும் அந்த ஒரு நிறம் வீட்டு மூத்த மருமகள் மாதிரி எல்லாரையும் சேர்த்துக் கட்டிவிடும். துண்டு துண்டாகப் பின்னிச் சேர்ப்பது சின்ன விஷயம் இல்லை. 2016 ஜனவரியில் மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ் என்ற பெண்கள் குழு சென்னையில் 11,000 சதுர மீட்டருக்கு மேல் போர்வை சேர்த்து கின்னஸ் சாதனை செய்தது. அதுவும் பல பேர் பல வீட்டில் பின்னிய துண்டுகள் ஒன்றுசேர்ந்ததுதான்.

திரும்பி வந்த அந்த ஒன்பது விரிப்பு என்ன ஆச்சு? நீல ஓரத்தைப் பிரித்தோம். இரண்டு லாட் நீலத்தையும் வரிசை மாற்றி, நடுவில் ஒரே ஒரு வரி ஆரஞ்சு ஓட்டி மறுபடி பின்னினோம். மாமல்லபுரத்தில் நாட்டிய விழா சமயம் கடை போட்டபோது ஒன்பதும் விற்றது. லாபம் இல்லை. ஆனால் கைக்காசு திரும்ப வந்தது.

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் நூல் சுற்றிய ஓர் அட்டை கொண்டு வாங்க. சேர்ந்து பார்ப்போம், அப்புறம் சேர்ந்தே ஒரே லாட்டில் நூல் வாங்குவோம்.